கம்பெனியில டைவர்சிட்டி, ஐசி வேலை பாக்கிறவங்க வேலூர் பக்கம் யாராவது இருக்கீங்களா?

பாலாத்துமணல் (இழையைத் தொடங்கியவர்)

ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் நடுவுல ஒரு ஷூ கம்பெனியில வெல்ஃபேர் ஆபீசரா இருக்கேன். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. 500 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற ஃபேக்டரியில வெல்ஃபேர் ஆபீசர் இருக்கணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே எழுதி வெச்சதால, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அப்போலேர்ந்தே ஒரு நாற்காலி உண்டு. கேன்டீன், குழந்தைங்க கிரஷ், பஸ் ரூட், சண்டை சமாதானம், இதுதான் வேலை. வெளிநாட்டு பையர்கிட்டேர்ந்து ஆடிட் வர ஆரம்பிச்சப்புறம் அதே ரூம் கதவுல 'டைவர்சிட்டி அண்ட் இன்க்ளூஷன்'னு (எல்லாத் தரப்பு ஆளுங்களையும் வேலையில சேர்த்து அரவணைக்கறது) இன்னொரு போர்டும் மாட்டிட்டாங்க. சம்பளம் அதேதான்.

இப்போ ஐசி, அதாவது பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கிற கம்பெனி உள் குழு, அதுல மெம்பரும் நான்தான். காது கேக்காத பசங்களை ஸ்டிச்சிங் லைன்ல சேர்த்து, சூப்பர்வைசருக்கு நாலு சைகை கத்துக் குடுக்கறதும் நான்தான். புதுசா சேர்ந்த திருநங்கைகளுக்கு எந்த டாய்லெட், எந்த லாக்கர்னு மேலயும் கீழயும் பேசறது, ஒடிசா, ஜார்க்கண்ட் பொண்ணுங்க ஹாஸ்டல், எல்லாம் என்கிட்ட. வேலை அதிகம்னு புலம்ப வரலை. இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு.

பிரச்சினை வேற. லைன்ல இருக்கிறவங்களுக்கு நான் மேனேஜ்மென்ட் ஆளு. மேனேஜ்மென்ட்டுக்கு நான் 'அவங்க பக்கம்'. மீட்டிங்ல ஒரு புகாரைப் பத்திக் கொஞ்சம் அழுத்திப் பேசினா 'மேடம் எமோஷனல் ஆயிட்டாங்க'ன்னு ஒரு சிரிப்பு. அதுக்காகவே குரல் ஏறாம, இறங்காம பேசப் பழகிட்டேன். இப்போ வீட்ல பசங்க ஏதாவது ஆசையா வந்து சொன்னாலும் அதே குரல்தான் வருது. அதுதான் பயமா இருக்கு.

யார்கிட்டயும் கொட்டவும் முடியாது. புகார் விஷயம் வெளிய போகக்கூடாதுன்னு சட்டம். பெரிய ஊர்ல இருந்தா சமாளிக்கலாம். இங்க புகார் குடுத்த பொண்ணு எங்க அடுத்த தெரு. யார் மேல குடுத்தாளோ அவரோட மச்சான்தான் என் பையன் ஸ்கூல் வேன் ஓட்டறார். கல்யாண வீட்ல, மளிகைக் கடையில, எங்க போனாலும் ஒண்ணும் தெரியாத மாதிரி சிரிச்சு வைக்கணும்.

யோகா பண்ணுங்க, பாட்டு கேளுங்கன்னு சொல்றவங்க தயவுசெஞ்சு வேற இழைக்குப் போயிடுங்க. இதே வேலையில இருக்கிறவங்க எப்படி ஓட்டறீங்க? அதை மட்டும் சொல்லுங்க.

காட்பாடிஜங்ஷன்

உங்க ரூம்ல போர்டு கூடிடுச்சு. எங்க ஆபீஸ்ல இருந்த போர்டையே கழட்டிட்டாங்க மேடம். நான் சென்னையில ஒரு அமெரிக்கக் கம்பெனி. பாதி வாரம் காட்பாடி வீட்லேர்ந்து வேலை, பாதி வாரம் ட்ரெயின்.

2020-ல ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ் கொன்னப்புறம் அங்க ஒவ்வொரு கம்பெனியும் போட்டி போட்டு டைவர்சிட்டி டீம் வெச்சது. இங்க இருந்த எங்களையும் அதுல எடுத்தாங்க. 2025 ஜனவரியில ட்ரம்ப் பதவி ஏத்த கையோட அரசு அலுவலகங்கள்ல இந்தத் திட்டங்களை மூடச் சொல்லி உத்தரவு. அரசு கான்ட்ராக்ட் எடுக்கிற கம்பெனிகளுக்கும் கெடுபிடி. எங்க டீம் பேரு ராத்திரியோட ராத்திரியா 'பீப்பிள் அண்ட் கல்ச்சர்' ஆயிடுச்சு. பாதிப் பேரை வேற டீமுக்கு அனுப்பிட்டாங்க.

வேலை போற பயம் ஒரு பக்கம். அதை விட, 'ட்ரெண்ட் முடிஞ்சிடுச்சு பாஸ்'னு கேன்டீன்ல ஒருத்தன் சொன்னது மனசுல அப்படியே நிக்குது. பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, திருநர் சட்டம் 2019. மூணும் டெல்லியில நம்ம நாடாளுமன்றம் போட்டது. வாஷிங்டன்ல யார் கையெழுத்து போட்டாலும் இது மாறாதுன்னு ஒவ்வொரு மேனேஜருக்கும் உக்காந்து விளக்க வேண்டியிருக்கு. நம்பிச் செஞ்ச வேலையை அடுத்தவன் ஃபேஷன்னு சொல்றப்போ, கோபத்தைக் காட்டாம ஸ்லைடை மாத்தி ஓட்டணும் பாருங்க, அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது.

மத்தபடி எங்க வருஷம் தெரியும்ல. மார்ச் 8 மகளிர் தினத்துக்கு ரோஜாப்பூ, ஜூன் ப்ரைடு மாசத்துக்கு வானவில் கப் கேக், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு ஒரு வீடியோ.

தோல்ஷாப்

அக்கா தப்பா எடுத்துக்காதீங்க. நான் வாணியம்பாடி பக்கம் டேனரியில இருந்தவன், இப்போ சங்க வேலை. கேட்டுக்கினு இருக்கிறவங்களுக்கு இவ்ளோ கஷ்டம்னா சொல்ற பொண்ணுக்கு எவ்ளோ இருக்கும்? அது பஸ்ஸுல போறப்போவே நாலு பேர் ஜாடை பேசுவான். வூட்டுக்காரன் 'நீ இன்னா பண்ண'ன்னு கேப்பான். டார்கெட் அப்படியே கீது. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ஜோடின்னு கேக்கிறவன் உங்க ஐசி முடியற வரைக்கும் நிறுத்தி வெக்கிறானா?

நீங்க நல்லவங்கதான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா உங்களுக்கு மாசச் சம்பளம் வருது, ஃபேன் கீது, ரூம் கீது. இதுக்குப் போயி தனியா ஒரு இழையான்னுதான் தோணுது.

பாலாத்துமணல்

ஃபேன் இருக்கு. மே மாச வேலூர் வெயில்ல அது சூடான காத்தைத்தான் சுத்தி விடும், அது வேற விஷயம்.

நீங்க சொல்றதுல எனக்குச் சண்டை இல்ல அண்ணே. அவ கஷ்டமும் என் கஷ்டமும் ஒண்ணுன்னு நான் எங்கயும் சொல்லலை. ஆனா ஒண்ணு கேக்கிறேன். நான் ஆறு மாசத்துல சலிச்சுப் போய் 'சரி விடும்மா, பெரிசு பண்ணாத'ன்னு சொல்ற ஆளா மாறிட்டா, அடுத்த பொண்ணு எந்த ரூமுக்குப் போவா? அந்த மாதிரி மாறிப்போன ஆளுங்களை நீங்களும் பாத்திருப்பீங்க. நான் பாத்திருக்கேன். அவங்களும் ஒரு காலத்துல நல்லவங்களாத்தான் இருந்தாங்க.

தோல்ஷாப்

அது கரெக்ட்டு. அதை ஒத்துக்கறேன்.

சக்கரநாற்காலி

நானும் எழுதலாமான்னு தெரியலை, என் போஸ்ட் 'ஆக்சசிபிலிட்டி லீட்', மாற்றுத்திறனாளிகளுக்கு வேண்டிய வசதியைப் பாக்கிற பொறுப்பு. வேலூர்ல ஒரு பெரிய வளாகம், பேர் வேண்டாம்.

நம்ம ஊருக்கு இதுல ஒரு பெருமை உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல கார் விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்து போனாங்க. சக்கர நாற்காலியில உக்காந்துக்கிட்டே தொழுநோயாளிகளோட கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க. 1966-ல பாகாயத்துல மறுவாழ்வு மையம் வந்தது அவங்களாலதான். நானும் விபத்துக்கப்புறம் அந்த மையத்துலதான் மறுபடி உக்காரவே கத்துக்கிட்டேன். அதனால இந்த ஊர்ல யாரும் என்னைப் பார்த்து அதிர்ச்சி அடையறதில்ல. அதுவே பாதி நிம்மதி.

ஆனா மேரி வர்கீஸ் கதையே எங்களுக்கு ஒரு தொல்லையாவும் ஆகிப்போச்சு. ஏதாவது சரியில்லன்னு சொன்னா, 'அவங்க அந்தக் காலத்துலயே சாதிச்சாங்களே'ம்பாங்க. எங்க மாடியில மாற்றுத்திறனாளி கழிப்பறை இருக்கு. உள்ள தொடப்பம், மாப், உடைஞ்ச நாற்காலி. நான்தான் அந்தத் துறைக்குப் பொறுப்பு. அப்போ என் கஷ்டத்தை நானே புகாரா எழுதி, நானே வாங்கி, நானே மேல அனுப்பி, பதில் வரலைன்னு நானே எனக்கு ரிமைண்டர் போடணும். சிரிப்பு வருது இல்ல? எனக்கும் வரும், அடுத்து பாத்ரூம் அவசரம் வர்ற வரைக்கும்.

விசிட்டர் வந்தா என்னை வரவேற்புல நிறுத்துவாங்க. 'உங்க ஸ்டோரியைச் சொல்லுங்க'ன்னு கேப்பாங்க. அந்த விபத்தை எத்தனை ஆடியன்ஸுக்குச் சொல்லியாச்சுன்னு கணக்கே இல்ல. சொல்லச் சொல்ல அது எனக்கு நடந்ததுங்கிற உணர்வே போயிடுச்சு, மனப்பாடம் பண்ண செய்யுள் மாதிரி வாயில வருது. முடிஞ்சதும் கை தட்டுவாங்க. ரேம்ப் சாய்வு 1:12 இருக்கணும், உங்களுது செங்குத்தா இருக்குன்னு சொன்னா மட்டும் யாருக்கும் காது கேக்காது.

எல்லாத்தையும் விடக் கஷ்டமானது ஆள் எடுக்கறது. காலேஜ் முடிச்ச ஒரு பார்வையற்ற பையன் ஆவலா வந்து, 'சார், இங்க எப்படி இருக்கும்?'னு கேக்கறான். உண்மையைச் சொன்னா அவன் வரமாட்டான், நான் கடைசி வரைக்கும் தனி ஆளாவே இருப்பேன். நல்லா இருக்கும்னு சொன்னா, திரையில இருக்கிறதைப் படிச்சுக் காட்டற ஸ்க்ரீன் ரீடர்ல ஓடாத சாஃப்ட்வேரோட அவன் மல்லுக்கட்டறப்போ என் முகத்தைப் பாப்பான். நான் ரெண்டையும் சொல்றேன். இன்ன இன்ன சரியா இருக்கு, இன்னது இல்ல, உனக்கு மேனேஜரா வரப்போறவர் இப்படிப்பட்டவர்னு. ஹெச்ஆருக்கு அது பிடிக்கலை.

நிர்வாகி

ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். நிறுவனத்தின் பெயரும் மேலாளரின் பெயரும் அதில் இருந்தன. இங்கே யாரும் பெயர் போட வேண்டாம். எந்த வழக்கின் விவரத்தையும் ஆள் அடையாளம் தெரியும்படி எழுத வேண்டாம். ஆம்பூர் பிரியாணியா ஆற்காடு பிரியாணியா என்று கேட்டவருக்கு: அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே ஏற்கெனவே போதுமான சண்டை நடக்கிறது.

எக்ஸ்டர்னல்மெம்பர்

நிர்வாகி சொன்னதைத் தொடர்ந்து சில விஷயங்கள். நான் வழக்கறிஞர். இந்தப் பக்கம் சில நிறுவனங்களின் ஐசி-யில் வெளி உறுப்பினராக இருக்கிறேன்.

முதலில் ரகசியம். பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 16 சொல்வது இது: புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பு, சாட்சிகளின் அடையாளம், புகாரின் உள்ளடக்கம், விசாரணை விவரம் ஆகியவற்றைப் பொதுமக்களுக்கோ பத்திரிகைக்கோ ஊடகத்துக்கோ தெரியப்படுத்தக் கூடாது. மீறினால் விதிகளின்படி 5,000 ரூபாய் வசூலிக்கலாம். ஆனால் பாலாத்துமணல் மாதிரிப் பல உறுப்பினர்கள் இதை 'நான் வாயே திறக்கக்கூடாது' என்று புரிந்துகொள்கிறார்கள். உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு மனநல மருத்துவரிடம் சொல்வதற்கு எந்தப் பிரிவும் குறுக்கே நிற்கவில்லை. யார், எந்த லைன் என்று சொல்லத் தேவையே இல்லை. அந்தப் பக்கத்தில் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவரையும் ரகசியத்துக்குக் கட்டுப்படுத்துகிறது. குழுவுக்குள் உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் தடை இல்லை. ஒவ்வொரு விசாரணை முடிந்ததும் 'இதில் யாருக்கு எது உறுத்துகிறது' என்று குழுவாக அரை மணி நேரம் உட்காருங்கள். நான் போகிற இடங்களில் இதை வற்புறுத்துகிறேன். ஆரம்பத்தில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் அவர்களே கேட்பார்கள்.

இரண்டாவது, காலம். ஐசி உறுப்பினர் பதவி அதிகபட்சம் மூன்று ஆண்டு. அது தண்டனை இல்லை, உங்களுக்கான வெளி வாசல். பல இடங்களில் 'நல்லா பண்றாங்க, அவங்களே இருக்கட்டும்' என்று ஒரே பெண்மணியைக் காலத்துக்கும் வைத்திருக்கிறார்கள். நல்லா பண்ணுகிறவர் தேய்ந்து போகிற வழி அதுதான்.

மூன்றாவது, தனியாக விசாரிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். விசாரணைக்குத் தலைமை உறுப்பினர் உட்பட மூன்று பேராவது உட்கார வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. 'மேடம், நீங்களே கூப்பிட்டுப் பேசி முடிச்சிடுங்க' என்பது விசாரணையே கிடையாது. பாரம் முழுக்க உங்கள் தலையில் இறங்குவது அங்கேதான். சமரசம் வேண்டுமானால் அதைக் கேட்க வேண்டியவர் புகார் கொடுத்த பெண் மட்டும். அப்போதும் பணம் பேசி முடிக்கக் கூடாது.

எங்கள் கதையையும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். வெளி உறுப்பினருக்கு 2013 விதிகளில் போட்ட படி நாளுக்கு 200 ரூபாய், அதோடு பயணச் செலவு. மூன்று மணி நேரம் ஒரு பெண் அழுவதைக் கேட்டுவிட்டு, எதிர்த்தரப்பின் மிரட்டலையும் கேட்டுவிட்டு, வவுச்சரில் கையெழுத்துப் போட்டு 200 ரூபாய் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவது தனி அனுபவம். கூடுதலாகக் கொடுக்கிற நிறுவனங்களும் உண்டு. கொடுத்தால், 'கம்பெனி காசு வாங்கிக்கொண்டார்' என்று ஒரு தரப்பு நிச்சயம் சொல்லும்.

பாகாயம்பக்கம்

நான் மனநலத் துறையில் சமூகப் பணியாளர். எக்ஸ்டர்னல்மெம்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இங்கே எல்லோரும் ஒரே வலியைச் சொல்வதாகத் தோன்றும். எனக்கு மூன்று தெரிகிறது.

பாலாத்துமணல் சொல்கிற 'ஒரே மட்டக் குரல்' வருவது உணர்ச்சி உழைப்பால். ஆர்லி ஹோக்ஷீல்டு என்ற சமூகவியலாளர் 1983-ல் விமானப் பணிப்பெண்களை வைத்து இதைப் பற்றி எழுதினார். சிரிப்பதும் கோபத்தை விழுங்குவதும் வேலையின் பாகமாகி, அதற்குத்தான் சம்பளம் என்று ஆகும்போது, சொந்த உணர்ச்சியே அந்நியமாகிப் போகும். சக்கரநாற்காலி தன் விபத்தைச் செய்யுள் மாதிரிச் சொல்வதும் அந்த வகைதான்.

இரண்டாவது, பணிச்சோர்வு. உலக சுகாதார அமைப்பு 2019-ல் இதைத் தன் பட்டியலில் எடுத்துக்கொண்டது, நோயாக அல்ல, வேலையால் வரும் ஒரு நிலையாக. சக்தி வற்றிப்போவது, வேலை மேல் வெறுப்போ ஒரு விலகலோ வருவது, 'நான் செய்வதால் ஒன்றும் ஆகாது' என்று தோன்றுவது. இந்த மூன்றும் வந்தால் விடுமுறை கொஞ்சம் உதவும், வேலையின் அளவைக் குறைப்பது அதிகம் உதவும்.

மூன்றாவது, மனசாட்சிக்குப் படும் காயம். இதற்கு விடுமுறை உதவாது. எது சரி என்று உங்களுக்குத் தெரியும், செய்ய அதிகாரம் இல்லை. குற்றம் நிரூபணமான ஆளை வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டு, புகார் கொடுத்த பெண்ணிடம் 'நடவடிக்கை எடுத்தாச்சு' என்று சொல்லும் வேலையை உங்களிடம் கொடுக்கிறார்கள். அந்த வாக்கியத்தைச் சொன்ன வாய் உங்களுடையது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களிடம் இந்த வகைக் காயத்தை மருத்துவர்கள் பார்த்தார்கள், பிறகு செவிலியர்களிடமும் பேசப்பட்டது. என்னிடம் வருகிற ஹெச்ஆர், வெல்ஃபேர் ஆட்களில் பலருக்கு இருப்பது இதுதான். இவர்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லி அனுப்புவது எனக்கே கூச்சமாக இருக்கும். நீங்கள் யோகா வேண்டாம் என்றது நியாயம்.

இன்னொன்று, இது நம்ம ஊர் விஷயம். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரு படுக்கையோடு மருத்துவமனையை ஆரம்பித்ததிலிருந்து வேலூருக்குச் 'சேவை' என்றால் தனி மரியாதை. நல்லதுதான், நானும் அந்த நிழலில் வளர்ந்தவள். ஆனால் அதனாலேயே இந்த மாதிரி வேலையில் இருப்பவர், 'எனக்கு முடியலை, எனக்கு இன்னொரு ஆள் வேணும், கூடுதல் சம்பளம் வேணும்' என்று கேட்டால், கேட்டவரே தன்னைச் சுயநலக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார். சேவை செய்பவர் களைத்துப்போனதாகச் சொல்லக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. இருந்தாலும் சொல்வதில்லை.

அவசரமாகப் பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416. இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியும் எடுப்பார்கள்.

லைன்மேனேஜர்

எல்லாம் படிச்சேன். நான் எதிர்ப்பக்கம்னு வெச்சுக்கோங்க, ப்ரொடக்ஷன். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கினப்போ ஆர்டர் நின்னு போன லைன் எங்களுது. அந்த நேரத்துல ஐசி விசாரணைன்னு நாலு பேரைக் கூப்பிட்டா எனக்கு எரிச்சல் வரும், மறைக்க விரும்பலை. விசாரணையை முடிக்க 90 நாள் டைம் இருக்கு, அவ்ளோ நாளும் லைன் ரெண்டாப் பிரிஞ்சு நிக்கும்.

நான் கேக்கறது வேற. எங்க வெல்ஃபேர் மேடம் இப்படித்தான் குரலே ஏறாம பேசுவாங்க. அவங்க ரொம்ப ஸ்ட்ராங்க்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். எங்கள மாதிரி ஆளுங்க என்ன பண்ணா உங்களுக்கு உபயோகம்?

பாலாத்துமணல்

ஒண்ணே ஒண்ணு சார். 'மேடம் எமோஷனல்'னு ஒருத்தர் சிரிக்கும்போது நீங்க சிரிக்காதீங்க. அந்த ரூம்ல ஒரு ஆம்பள சிரிக்காம 'அவங்க சொன்ன பாயிண்டுக்கு வாங்க'ன்னு சொன்னாப் போதும், எனக்கு ஒரு வாரம் ஓடும்.

அப்புறம் விசாரணைக்கு ஆள் போனா அந்த நேரத்துக்கு டார்கெட்டைக் குறைச்சுப் போடுங்க. தோல்ஷாப் அண்ணன் கேட்டாரே, அது நியாயமான கேள்வி.

கிரீன்சர்க்கிள்

நான் திருநங்கை. முதல்ல டெய்லரிங் செக்‌ஷன்ல இருந்தேன், அப்புறம் 'நீ நல்லா பேசறியே'ன்னு விழிப்புணர்வு வகுப்பு எடுக்க வெச்சாங்க. இப்போ மத்த கம்பெனிங்களும் கூப்பிடறாங்க.

மைக்கைப் பிடிச்சா நான் ராணிதான். 2014-ல உச்ச நீதிமன்றம் எங்களை மூணாம் பாலினமா ஏத்துக்கிட்டது, 2019 சட்டத்துல ஒவ்வொரு நிறுவனத்துலயும் புகார் அதிகாரி ஒருத்தர் இருக்கணும்னு இருக்குது, எல்லாம் சரளமா வரும். கேள்வி நேரம் வந்தா ஒரு கை தூக்கும். 'ஆபரேஷன் ஆயிடுச்சா?' ஒவ்வொரு இடத்துலயும், தவறாம. பேசறதுக்குத்தான் கூப்பிட்டீங்க, என் உடம்பைக் காட்டறதுக்கு இல்லன்னு ஆரம்பத்துலயே இப்போ சொல்லிடறேன். சிரிச்சுக்கிட்டேதான் சொல்லணும், இல்லன்னா 'இவங்க இப்படித்தான் சண்டைக்கு வருவாங்க'ன்னு ஆயிடும்.

வகுப்பு முடிஞ்சு எல்லாரும் செல்ஃபி எடுப்பாங்க. சாப்பாட்டு நேரத்துல என் டேபிள் காலியா இருக்கும். போன வாட்டி கிரஷ் ஆயாம்மா ஒருத்தங்க தட்டை எடுத்துக்கினு வந்து எதிர்ல உக்காந்து, மருமகளைப் பத்திக் குறை சொல்ல ஆரம்பிச்சாங்க. என்னைப் பத்தி ஒரு கேள்வி கேக்கலை. அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

இனிமே ஃபீஸ் கேக்கப் போறேன். சால்வையும் மொமெண்டோவும் வீட்ல வைக்க இடம் இல்ல.

தோல்ஷாப்

ஃபீஸ் கேளும்மா. கண்டிப்பா கேளு.

இப்போ நான் வேற ஒண்ணு கேக்கறேன், எல்லாருக்கும். உங்க டைவர்சிட்டி லிஸ்ட்ல பொம்பள, மாற்றுத்திறனாளி, திருநங்கை, வடநாட்டான் எல்லாம் கீது. சாதி எங்க? டேனரியில ஈரத்தோல்ல நிக்கிறவன் யாரு, மேல கணக்கெழுதறவன் யாருன்னு கண்ணு இருக்கிற யாருக்கும் தெரியும். திண்டுக்கல்ல 2022-ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. ஒரு ஸ்பின்னிங், கார்மென்ட்ஸ் கம்பெனி, பொண்ணுங்க நடத்தற சங்கம், வெளிநாட்டு பிராண்டு எல்லாம் சேர்ந்து. ஒரு தலித் பொண்ணைச் சூப்பர்வைசரே கொன்னுட்டாங்கிற கொடுமைக்கு அப்புறம் வந்தது. அதுல பாலியல் துன்புறுத்தலோட சாதிப் பாகுபாட்டையும் சேர்த்தே எழுதிக்கீறாங்க. லைன்ல வேலை செய்ற பொண்ணுங்களையே கண்காணிக்கப் பழக்கிக்கீறாங்க. அங்க எழுத முடிஞ்சது இங்க ஏன் முடியலை?

பெயர்வேண்டாம்

இதற்குப் பதில் எழுத வேண்டியவன் நான் என்று நினைக்கிறேன். புதுக் கணக்குத் தொடங்கித்தான் எழுதுகிறேன்.

நான் டைவர்சிட்டி பயிற்சியாளன், முழு நேரம். நான் தலித். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது, அல்லது தெரியாது என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். பாலினம், மொழி, வயது, மாற்றுத்திறன், எல்லாவற்றுக்கும் என்னிடம் வகுப்பு உண்டு. சாதிக்கு ஒரு ஸ்லைடு தயாரித்தேன். 'இது சென்சிட்டிவ், இங்கே அப்படி எதுவும் இல்லையே' என்று எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொன்ன அதே மதியம் அதே ஆள், புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் 'குடியாத்தத்துல எந்தத் தெரு?' என்று கேட்டார். அந்தக் கேள்வி எதற்கு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் என் பக்கம் பார்த்தாள். 'எல்லோரையும் அரவணைப்போம்' என்று நான் ஒட்டிய போஸ்டர் என் பின்னால் சுவரில் இருந்தது.

பேசினால் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த நாளிலிருந்து நான் பயிற்சியாளன் இல்லை, 'அவங்க ஆளு'. என் வகுப்பில் நான் சொல்கிற ஒவ்வொரு வாக்கியமும் அப்புறம் சொந்தக் குறை ஆகிவிடும். அதனால் மற்ற எல்லோருக்காகவும் வாதாடுகிறேன், எனக்காக மட்டும் கிடையாது. இந்த வேலைக்கு நான் வந்ததே எங்கள் ஆட்களுக்காக என்பதுதான் இதில் கொடுமை.

நான் பிறந்தபோது நம் மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். என் பிறப்புச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது. தொண்ணூறுகளில் பெயரை மாற்றினார்கள். வேலைக்குச் சேரும்போது அந்தச் சான்றிதழின் நகலைக் கொடுக்கையில், ஹெச்ஆரில் இருந்தவர் 'ஓ, அந்தக் காலத்துப் பேரா' என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பாகாயம்பக்கம்

பெயர்வேண்டாம், நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இங்கே யாரும் எதிர்பார்க்க வேண்டாம். எப்போது, யாரிடம் சொல்வது என்பது உங்கள் கையில் மட்டும் இருக்க வேண்டிய விஷயம். ஆனால் நகரத்துக்கு வெளியே, உங்கள் நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடமாவது முழுப் பெயரோடு பேசுங்கள். தேவைப்பட்டால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

தோல்ஷாப்

தம்பி, அந்த ஸ்லைடை எனக்கு அனுப்பு. நான் சங்கத்துல காட்டறேன். உன் பேர் வராது.

காட்பாடிஜங்ஷன்

எனக்கும். எங்க ஆபீஸ்ல சாதிங்கிற வார்த்தை பாலிசியில இருக்கு, ஏன்னா அமெரிக்காவுல 2023-ல சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை பண்ணிச் சட்டம் போட்டதும் லீகல் டீம் பயந்துபோய்ச் சேர்த்தாங்க. வகுப்புல மட்டும் வராது. வெளியூர்க்காரன் சொன்னாத்தான் நமக்கு ஏறும் போல.

பாலாத்துமணல்

ரெண்டு நாள் கழிச்சு வர்றேன். எக்ஸ்டர்னல்மெம்பர் எழுதினதைப் பார்த்து ப்ளான்ட் ஹெட்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஐசி-யில என் காலம் எப்போ முடியுதுன்னு எழுத்துல வேணும், விசாரணையில நான் தனியா உக்காரமாட்டேன், ஐசி நோட்டீஸ் இங்கிலீஷ்ல மட்டும் தொங்குது, தமிழ், உருது, ஹிந்தி மூணுலயும் வேணும், வேலைப் பளு பத்திப் பேச மாசம் ஒரு தடவை வெளியூர் ஆலோசகர், செலவு கம்பெனியோடது. டைவர்சிட்டி வேலைக்கு இன்னொரு ஆள், முடியலைன்னா என் கிரேடு மாறணும். கடைசியா, பாலிசியில சாதின்னு ஒரு வார்த்தை. அதை எழுதறப்போ கை கொஞ்சம் நடுங்குச்சு, பொய் சொல்லலை.

நோட்டீஸ் மூணு மொழியில போடறதுக்கு உடனே ஓகே. தனியா உக்கார வேண்டாம்ங்கிறதுக்கும் ஓகே. சாதிக்கு 'லீகல்கிட்ட கேக்கணும்'. ஆளுக்கும் ஆலோசகருக்கும் பட்ஜெட் இல்லன்னு வாயில சொன்னாங்க. இல்லன்னு எழுத்துல குடுங்கன்னு கேட்டிருக்கேன்.

லைன்மேனேஜர்

எழுத்துல கேட்டீங்களா! அடுத்த ரிவ்யூ மீட்டிங்ல அந்த மேட்டர் வரும் பாருங்க.

சக்கரநாற்காலி

கடிதத்தோட காப்பி ஒண்ணு அனுப்புங்க மேடம். சாதி இருக்கிற பத்திக்கு அடுத்து ரேம்ப் போட்டு நானும் ஒண்ணு எழுதறேன்.

சத்துவாச்சாரிபுதுசு

புது உறுப்பினர், வணக்கம். ஒரு ஜவுளிக்கடையில அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன். எங்க கடையில பத்துப் பேருக்கு மேல இருக்கிறதால ஐசி வேணும்னு ஆடிட்டர் சொல்லி, என் பேரைப் போட்டுட்டாங்க. ஆர்டர் குடுத்தாங்க, அதுல தேதி இல்ல. பரவாயில்லையா?

எக்ஸ்டர்னல்மெம்பர்

பரவாயில்லை என்று விடாதீர்கள். தேதி போட்டு, கையெழுத்தோடு திரும்ப வாங்குங்கள். மூன்று ஆண்டுக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். வெளி உறுப்பினர் யார் என்று அதில் இருக்கிறதா? குழுவில் பாதிப் பேராவது பெண்களா? உறுப்பினர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு, அதையும் கேளுங்கள். ஆர்டரில் பெயர்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.